மார்கழித் தோட்டமும் பறவைப் படமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொள்ளாச்சிப் பக்கம் எங்கள் வீட்டைச் சுற்றியுள்ள பதினைந்து சென்ட் இடத்தில் பறவைகளைப் படம் எடுத்து வருகிறேன். இது பதினோராவது குளிர்காலம். சொந்தக்காரர்கள், பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள், கல்லூரிப் பிள்ளைகள் என்று பலரும் கேட்ட கேள்விகளையே திரும்பக் கேட்பதால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன். கேமராவைப் பற்றி மட்டும் தெரிந்துகொள்ள வந்தவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். முதலில் தண்ணீரும் சருகும்தான்.

நம்ம ஊர்ல ஏதுங்க குளிர்காலம்? எந்த மாசத்துல ஆரம்பிக்கலாம்?

மார்கழி விடியலில் 18 டிகிரிக்கு இறங்கினாலே காதில் மப்ளர் சுற்றிக்கொள்கிற ஊர் நம்முடையது, வாஸ்தவம்தான். ஆனால் இமயமலை அடிவாரத்திலும் அதற்கு வடக்கேயும் கோடையைக் கழித்துவிட்டு வரும் பறவைகளுக்கு இது சொகுசான இடம். ஆவணி, புரட்டாசியிலேயே சாம்பல் வாலாட்டி முதல் ஆளாக வந்து வாய்க்கால் கரையில் வாலை ஆட்டிக்கொண்டு நிற்கும். ஐப்பசியில் மழை பிடிக்கும்போது ஆறுமணிக்குருவி வரும். பங்குனி வெயில் ஏற ஏற ஒவ்வொன்றாகக் கிளம்பும். சில சித்திரை வரைக்கும் இழுத்துக்கொண்டு இருக்கும்.

படம் எடுக்க என்றால் கார்த்திகை நடுவிலிருந்து மாசி வரை நல்ல காலம். அடைமழை ஓய்ந்து செடி கொடியெல்லாம் புழுவும் பூச்சியுமாக இருக்கும். வானம் தெளிந்து, வெயில் உச்சந்தலையில் அடிக்காமல் சாய்வாக விழும். ஒரே தொல்லை காற்று. பாலக்காட்டுக் கணவாயை நோக்கி இழுக்கும் கிழக்குக் காற்றில் தை மாதத்தில் சில நாள் கிளை ஒரு நொடி நிற்காது. அன்றைக்குக் கேமராவை உள்ளே வைத்துவிட்டுத் தேங்காய் உரிக்கப் போகலாம்.

எங்களுக்குத் தோட்டமெல்லாம் இல்லைங்க, வீட்டுக்கு முன்னால நாலு செடிதான். ஆகுமா?

ஆகும். நம் பக்கம் தோட்டம் என்றாலே கிணறும் தென்னையும் கட்டுத்தரையும் உள்ள நிலம் என்று அர்த்தமாகிவிட்டது. அதனால் வீட்டைச் சுற்றி இருப்பதைத் தோட்டம் என்று சொல்ல ஆளுக்கு ஆள் கூச்சப்படுகிறார்கள். தேன்சிட்டுக்கு அந்தக் கூச்சம் கிடையாது. ஒரு முருங்கை, ஒரு செம்பருத்தி, வேலியோரம் ஒரு கறிவேப்பிலை இருந்தால் போதும். கறிவேப்பிலைப் பழம் கறுத்துவிட்டால் குயிலும் சின்னானும் முறைவைத்து வரும். பப்பாளியில் ஒரு பழத்தை மரத்திலேயே விட்டுவிட்டால் குக்குறுவான் அதில் தலையை விட்டுக் குடைந்து, மூஞ்சியெல்லாம் மஞ்சளாக நிமிர்ந்து பார்க்கும். அந்தப் படத்துக்காகவே ஆண்டுக்கு ரெண்டு பழம் போனால் போகட்டும்.

சுற்றிலும் கிளுவை வேலி இன்னும் மிச்சம் இருக்கிற வீடுகள் கொடுத்து வைத்தவை. வேலியைப் பிடுங்கிவிட்டு காம்பவுண்டு சுவர் கட்டியவர்கள் ஒரு ஓரத்திலாவது புதர் ஒன்றை வளர விடுங்கள்.

குளிர்காலத்துல யாரெல்லாம் வருவாங்க?

எப்போதும் நம்மோடு இருக்கிறவர்கள் தனி: தவிட்டுக்குருவிக் கும்பல், சின்னான், தையல்சிட்டு, குண்டுக்கரிச்சான், செம்போத்து, வால்காக்கை, ஊதாப்பிட்டுத் தேன்சிட்டு. மயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. கீரை விதைத்தவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

விருந்தாளிகள் என்றால் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் இவர்கள். பழுப்பு ஈப்பிடிப்பான்: சின்னது, கண் மட்டும் பெரிது, ஒரே கிளையிலிருந்து பறந்து பூச்சியைப் பிடித்துவிட்டு அதே கிளைக்குத் திரும்பும். புதிதாகப் படம் எடுப்பவர்களுக்கு இதைவிட நல்ல வாத்தியார் கிடையாது, ஏனென்றால் கிளையில் போக்கஸ் வைத்துவிட்டுக் காத்திருந்தால் போதும். மாங்குயில்: மஞ்சள் பளிச்சென்று இருக்கும், ஆனால் இலைக்குள்ளேயே இருந்து உயிரை வாங்கும். சாம்பல் கரிச்சான் தென்னை உயரத்தை விட்டு இறங்காது. பழுப்புக் கீச்சான் குளிர்காலம் முழுக்க ஒரு மூலையைத் தனக்கென்று பட்டா போட்டுக்கொண்டு, இன்னொரு கீச்சான் வந்தால் கத்தியே விரட்டும். கொடிக்கால் வாலாட்டி மர நிழலில் தரையோடு நடக்கும். மற்ற வாலாட்டிகள் வாலை மேலும் கீழும் ஆட்ட, இது மட்டும் பக்கவாட்டில் ஆட்டும். அப்புறம் அரசவால் ஈப்பிடிப்பான், செந்தலைப் பூங்குருவி, ஆறுமணிக்குருவி. இந்த மூன்றுக்காகத்தான் பாதிப் பேர் என்னிடம் வருகிறார்கள்.

சோளக்காடு பக்கத்தில் இருந்தால் சோளக்குருவிக் கூட்டமும் வரும். இளஞ்சிவப்பும் கறுப்புமாக, மத்திய ஆசியாவிலிருந்து வருகிறவை. மாசியில் கல்யாண முருங்கை இலையுதிர்த்துச் சிவப்பாகப் பூத்து நிற்கும்போது அந்தப் பூத்தேனுக்கு மைனா, கரிச்சானோடு இவையும் சண்டை போடும். இலை இல்லாத மரம், சிவப்புப் பூ, பின்னால் நீல வானம். கெட்ட படம் எடுப்பதுதான் கஷ்டம்.

தீனி போட்டா நிறைய வருமே? தினை, கம்பு, பழம்?

குளிர் நாடுகளில் பனி மூடிவிட்டால் பறவைக்குத் தின்ன எதுவும் கிடைக்காது, அதனால் தீனி போடுகிறார்கள். நம் ஊரில் மார்கழி பூச்சிகளுக்குப் பஞ்சமில்லாத மாதம். வலசை வரும் குருவிகளில் பெரும்பாலானவை பூச்சி தின்னிகள். நீங்கள் போடும் கம்பைத் திரும்பிக்கூடப் பார்க்காது. கம்பு போட்டால் புறாவும் அணிலும் எலியும் வரும். எலி பின்னாலேயே பாம்பு வரும். நான் முதல் இரண்டு ஆண்டு செய்து பார்த்துவிட்டு நிறுத்தினேன். எண்ணெய்ப் பலகாரம், மிக்சர், உப்புப் போட்ட சோறு எதுவும் வேண்டாம். மருந்து அடிப்பதையும் நிறுத்துங்கள். கத்திரியில் பூச்சி இருந்தால்தான் தையல்சிட்டு வரும்.

தண்ணீர் வேறு கதை.

தண்ணி எப்படி வைக்கறதுங்க?

இந்தக் கேள்விக்கு மட்டும் நீளமாகப் பதில் சொல்லப் போகிறேன். என்னுடைய நல்ல படங்களில் முக்கால்வாசி ஒரே ஒரு மண் வட்டலைச் சுற்றி எடுத்தவை.

பூந்தொட்டிக்கு அடியில் வைக்கும் அகலமான மண் தட்டு ஒன்று வாங்குங்கள். பளபளப்பு பூசாதது, உள்பக்கம் சொரசொரப்பாக இருப்பது நல்லது, குருவிக்குக் கால் வழுக்காது. ஓரத்தில் ஒரு அங்குலம், நடுவில் இரண்டு அங்குலம் தண்ணீர். அதற்கு மேல் ஆழம் இருந்தால் தேன்சிட்டு விளிம்பிலேயே உட்கார்ந்து யோசித்துவிட்டுப் போய்விடும். ஆழமாக இருந்தால் நடுவில் ஒரு தட்டைக் கல் போடுங்கள்.

இடம்தான் முக்கியம். மார்கழியில் சூரியன் தென்கிழக்கே எழுந்து, மத்தியானம்கூடத் தெற்கே சாய்ந்து நின்று, தென்மேற்கே விழும். ஆகவே நீங்கள் தெற்குப் பக்கம் உட்கார்ந்து வடக்கே பார்க்கிற மாதிரி வட்டலை வைத்தால் காலையிலிருந்து மாலை வரை வெளிச்சம் உங்கள் முதுகுப் பக்கம்தான். இது தெரியாமல் நான் ஒரு குளிர்காலம் முழுக்கக் கறுப்பு உருவங்களாக எடுத்துத் தள்ளினேன். வட்டலுக்குப் பின்னால் பத்துப் பதினைந்து அடிக்குச் சுவரோ செடியோ இல்லாமல் இருந்தால் பின்புலம் கரைந்து பச்சை மாவு மாதிரி வரும். கொடியில் துணி காய்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள். என்னிடம் ஒரு அருமையான குண்டுக்கரிச்சான் படம் இருக்கிறது, பின்னால் ஆரஞ்சு நிறத்தில் அழகாக மங்கித் தெரிவது மாமாவின் துண்டு.

குருவி நேராகத் தண்ணீரில் இறங்காது. பக்கத்தில் ஒரு குச்சியில் உட்கார்ந்து, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்து, அப்புறம்தான் குதிக்கும். அந்தக் குச்சியை நீங்கள் நட்டு வைக்க வேண்டும். பட்டை உரியாத, பாசி பிடித்த கொய்யாக் கிளை என்றால் படத்தில் லட்சணமாக இருக்கும். விரல் கனம் போதும். வட்டலிலிருந்து ஒரு முழம் தள்ளி, பக்கவாட்டில்.

சொட்டுகிற சத்தம் ஒரு வசியம். பழைய தண்ணீர் பாட்டிலின் அடியில் ஊசியால் துளை போட்டு மேலே கிளையில் கட்டிவிடுங்கள். மூன்று நான்கு நொடிக்கு ஒரு சொட்டு விழுந்தால் சரி. கதிர்க்குருவி மாதிரி வெளியே தலைகாட்டாத ஆசாமிகள்கூட அந்தச் சத்தத்துக்கு வந்து எட்டிப் பார்க்கும்.

டெங்குக் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும், அதுவும் பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டி வைக்கும். ஆகவே தண்ணீரை மாற்றினால் மட்டும் போதாது. தினமும் காலையில் கொட்டிவிட்டு, தேங்காய் நாரால் ஓரத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். சோப்பு வேண்டாம்.

பூனை இருக்கிற வீடு என்றால் வட்டலைச் சுற்றி ஆறடிக்குத் தரை வெட்டவெளியாக இருக்கட்டும். பதுங்க இடம் இருந்தால் பூனை ஜெயித்துவிடும்.

எந்தக் கேமரா வாங்கட்டும்?

கையில் இருப்பதில் ஆரம்பியுங்கள். ஒரு கணக்கு மட்டும் சொல்கிறேன். தேன்சிட்டு சுமார் 10 சென்டிமீட்டர். அதை 4 மீட்டர் தூரத்திலிருந்து, ஏபிஎஸ்-சி சென்சார் (படம் பதிகிற சில்லின் ஒரு அளவு) உள்ள சாதாரண டிஎஸ்எல்ஆரில், 300 எம்.எம். லென்சில் எடுத்தால் படத்தின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு வரும். அது தாராளம். ஆகவே வீட்டுத் தோட்டத்துக்கு 70-300 லென்ஸ் போதும். நீங்கள் நகராமல் உட்கார்ந்தால் 4 மீட்டருக்கு அது தானாக வரும். 150-600 வாங்கியவர்கள் தூக்க முடியாமல் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்பதையும் பார்த்திருக்கிறேன்.

நிக்கான் பி950 மாதிரி பெரிய சூம் உள்ள, லென்சைக் கழற்ற முடியாத கேமராக்கள் வெயிலில் நன்றாக வேலை செய்யும், நிழலில் திணறும். போனை வைத்துக்கொண்டுதான் எடுக்க வேண்டும் என்றால், போனை வட்டலுக்கு ஒரு முழம் பக்கத்தில் செங்கல் மேல் சாய்த்து, வீடியோ ஓடவிட்டு, வீட்டுக்குள் போய்விடுங்கள். அரைமணி நேரத்தில் யாராவது வந்திருப்பார்கள். தவிட்டுக்குருவி குளிக்கும் வீடியோ ஒன்றை எங்கள் அம்மிச்சி இன்னும் பார்த்துச் சிரிக்கிறார்.

செட்டிங் சொல்லுங்க, எழுதிக்கறேன்.

காலை ஏழேகாலிலிருந்து ஒன்பது வரை, மாலை நாலிலிருந்து ஐந்தரை வரை. தை மாதம் சூரியன் எங்களுக்கு ஆறே முக்கால் வாக்கில் எழும். பனி இறங்கிக் கிடந்தால் எட்டு மணிவரை வெளிச்சம் பால் மாதிரி இருக்கும், அதுவும் நல்லதுதான்.

லென்சின் துளையை (அப்பெர்ச்சர்) முழுக்கத் திறந்து வையுங்கள், எஃப் 5.6 அல்லது 6.3. உட்கார்ந்திருக்கும் குருவிக்கு ஷட்டர் 1/500 நொடி. குளிக்கும்போது தண்ணீர் தெறிப்பது முத்து முத்தாக வேண்டுமென்றால் 1/2000. ஐஎஸ்ஓவை, அதாவது சென்சார் வெளிச்சத்தை உணர்கிற அளவை, தானாக விட்டு, உச்சவரம்பு 3200 வையுங்கள். மணல் மாதிரி புள்ளி வருமே என்று பயந்து ஷட்டரைக் குறைக்காதீர்கள். புள்ளியை அப்புறம் குறைக்கலாம், ஆட்டம் கண்ட படத்தை ஒன்றும் செய்ய முடியாது. போக்கஸ் புள்ளி ஒன்றே ஒன்று, அது கண்ணில். வால் மங்கினால் யாரும் கேட்க மாட்டார்கள்.

வானத்துக்கு எதிரே கரிச்சான் உட்கார்ந்தால் எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, ஒரு படி கூட்டுங்கள். இருட்டுப் புதருக்கு முன்னால் வெள்ளை அரசவால் வந்தால் ஒரு படி குறையுங்கள், இல்லாவிட்டால் இறகு வெறும் சுண்ணாம்பாகிவிடும். இதை எழுதி வைத்துக்கொண்டால் மட்டும் போதாது, காக்கையையும் கொக்கையும் வைத்து முன்கூட்டியே பழகுங்கள்.

அப்புறம், கேமராவைக் குருவியின் கண் உயரத்துக்கு இறக்குங்கள். நின்றுகொண்டு எடுத்தால் முதுகும் மண்டையும்தான். பாயைப் போட்டுப் படுத்துவிடலாம். பழைய ஜீன்ஸ் காலை வெட்டி, ரெண்டு முனையும் தைத்து, உள்ளே நெல் நிரப்பினால் லென்சுக்கு அருமையான தலையணை.

எங்க ஒளிஞ்சு உக்காரறது?

சமையலறை ஜன்னல். விளக்கை அணைத்துவிட்டு, கண்ணாடியைத் திறந்து, ஒரு சேலையை நடுவில் லென்ஸ் மட்டும் நீட்டுகிற அளவு விட்டுக் கட்டுங்கள். வெளிச்சத்தில் இருக்கும் குருவிக்கு இருட்டில் இருக்கும் நீங்கள் தெரிய மாட்டீர்கள். குக்கர் விசிலுக்குக்கூட இரண்டே நாளில் பழகிவிடும். ஆள் அசைவதற்குத்தான் பழகாது.

வெளியே என்றால் நாற்றங்காலுக்குப் போடும் பச்சை நிழல்வலை இரண்டு மீட்டர் வாங்கி, நான்கு குச்சியில் கட்டி, ஒரு வாரம் சும்மா விட்டுவிடுங்கள். எட்டாம் நாள் உள்ளே போய் உட்காருங்கள். வெள்ளை வேட்டி மட்டும் வேண்டாம்.

ஆறுமணிக்குருவியை எப்படியாவது எடுக்கணும். வழி இருக்கா?

இருக்கிறது, வாசக்கட்டையை, அதான் வாசல் கூட்டுகிற விளக்குமாற்றை, பூட்டி வையுங்கள்.

ஆறுமணிக்குருவி தரைக் குருவி. விடியற்காலையிலும் அந்தி நேரத்திலும் ஏறக்குறைய ஆறு மணி வாக்கில் இரட்டை விசில் அடிப்பதால் அந்தப் பெயர். தோட்டக்கள்ளன் என்றும் சொல்வார்கள். பகல் முழுக்க நிழலில் சருகைப் புரட்டிப் புரட்டிப் புழுவையும் பூச்சியையும் தேடித் தின்னும். ஆக, சருகு இல்லாத தோட்டத்தில் அதற்கு வேலை இல்லை.

எங்கள் வீட்டில் இதுதான் பெரிய சண்டை. முற்றம் கண்ணாடி மாதிரி இருந்தால்தான் அம்மாவுக்குத் தூக்கம் வரும். சப்போட்டா மரத்தடியில் நான் சேர்த்து வைத்திருந்த சருகை ஒரு கார்த்திகைத் தீபத்துக்கு முந்தின நாள் கூட்டித் தீ வைத்துவிட்டார். அதுவரை பதினாறு நாளாக அங்கே வந்துகொண்டிருந்த ஆறுமணிக்குருவி மறுநாள் இல்லை. "குப்பையில குருவி இருக்குதுன்னு எனக்கெப்படிக் கண்ணு தெரியும்?" என்றார். இப்போது ஒப்பந்தம் இருக்கிறது: வாசலும் பக்கவாட்டும் அம்மாவுடையது, கொல்லையில் சப்போட்டா மரத்தடி மட்டும் என்னுடையது. வரிசையாகச் செங்கல் அடுக்கி எல்லை போட்டிருக்கிறோம். இரண்டாம் ஆண்டு அம்மாவே கூப்பிட்டார், "வந்து பாரு, உன்ற குருவி வந்துருச்சு."

அந்த இடத்தில் வெளிச்சம் குறைவு. 1/200, ஐஎஸ்ஓ 3200 வரை போக வேண்டியிருக்கும். இரண்டு துள்ளு துள்ளி, அப்புறம் சிலை மாதிரி நிற்கும். அந்த நிற்கிற நொடியில் அழுத்துங்கள். ஃபிளாஷ் வேண்டாம்.

காலையில வீட்டுக்குள்ள ஒரு கலர் குருவி விழுந்து கிடக்குது. என்ன பண்ண?

ஐப்பசியில் ஆண்டுதோறும் இந்த அழைப்பு வரும், பெரும்பாலும் இதே ஆறுமணிக்குருவிதான். ராத்திரி பறந்து வந்த களைப்பில் விளக்கு வெளிச்சத்தைப் பார்த்து உள்ளே நுழைந்தோ, கண்ணாடியில் மோதியோ விழுந்திருக்கும். காற்றுத் துளை போட்ட அட்டைப் பெட்டியில் துணி விரித்து, மூடி, சத்தமில்லாத இருட்டு மூலையில் வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். கையில் வைத்துக்கொண்டு செல்ஃபி வேண்டாம். சில மணி நேரத்தில் தெளிந்துவிட்டால் மரத்தடியில் பெட்டியைத் திறந்து வைத்து விலகிவிடுங்கள். இறக்கை தொங்கினால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டுப் பறவையை வீட்டில் வைத்து வளர்ப்பது குற்றம், பாசத்துக்குச் செய்தாலும்.

போன்ல அதோட சத்தத்தைப் போட்டா பக்கத்துல வருமாமே? கூடு இருந்தா படம் எடுக்கலாமா?

வரும். எதிராளி வந்துவிட்டான் என்று பதறி வரும். தின்கிற நேரத்தைச் சண்டைக்கு வீணடிக்கும். செய்யாதீர்கள். கூட்டுக்குப் பக்கத்திலும் போகாதீர்கள். நீங்கள் கிளையை விலக்கிப் படம் எடுத்துவிட்டுப் போன வழியில் காக்கையும் வால்காக்கையும் வரும். நானும் ஒரு தடவை சின்னான் கூட்டில் இலையை ஒதுக்கி எடுத்திருக்கிறேன். மறுநாள் கூடு காலி. அந்தப் படத்தை அழித்துவிட்டேன்.

புதர்ல "சக், சக்"னு ஒண்ணு கத்திக்கிட்டே இருக்குது, படத்துல வெறும் பழுப்புக் குருவி. என்னன்னே தெரியல.

ப்ளைத் நாணல் கதிர்க்குருவியாக இருக்கும். எட்வர்டு ப்ளைத் கல்கத்தாவில் ஏசியாட்டிக் சொசைட்டி அருங்காட்சியகத்தைப் பார்த்துக்கொண்டவர், அவர் பேர்தான் இதற்கு. தாழ்வான புதரில் இருந்து நாக்கைச் சப்புக்கொட்டுகிற மாதிரிச் சத்தம் போட்டால் இது. கொஞ்சம் உயரத்தில், வேம்பிலோ மாவிலோ, பச்சை சாயலோடு கண்ணுக்கு மேல் வெளிறிய புருவம் தெரிந்தால் பச்சைக் கதிர்க்குருவி. அடையாளத்துக்கு ஒரே படம் போதாது. பக்கவாட்டில் ஒன்று, அலகு தெரிய ஒன்று, இறக்கை தெரிய ஒன்று எடுத்து வையுங்கள்.

இன்னொரு குழப்பம் ஊதாத் தேன்சிட்டு. குளிர்கால ஆரம்பத்தில் ஆண் தன் பளபளப்பைக் கழற்றிவிட்டு, தொண்டையிலிருந்து வயிறு வரை ஒரு கறுப்புக் கோடு மட்டும் போட்டுக்கொண்டு திரியும். புது இனம் கண்டுபிடித்துவிட்டதாக எனக்கு அனுப்புகிறார்கள்.

லென்சுக்குள்ள வெள்ளையா வலை மாதிரி படிஞ்சிருக்கு.

பூஞ்சை. ஐப்பசி மழையில் துணிப் பையிலேயே வைத்துவிட்டீர்கள். நானும் ஒரு லென்சை அப்படித்தான் இழந்தேன். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், ஐம்பது சதவீதத்துக்குக் கீழே ஈரப்பதம். அரிசி டப்பாவில் புதைக்காதீர்கள், தவிடு உள்ளே போய்விடும்.

தீபாவளி வெடிக்கு எல்லாம் ஓடிருமே?

கலைந்து போகும், சில திரும்பி வரும். ஈரோட்டுக்குப் பக்கத்தில் வெள்ளோடு பறவைகள் சரணாலயத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் பறவைகளுக்காகப் பல ஆண்டுகளாகவே வெடி வெடிப்பதில்லை. அவ்வளவு வேண்டாம், கொல்லைப் பக்கம் மட்டும் வெடிக்காமல் இருந்தாலே போதும். எங்கள் வீட்டுப் பொடிசுகள் இப்போது ரோட்டுப் பக்கம்தான் சரம் கட்டுகிறார்கள்.

எடுத்த படத்தை எல்லாம் என்ன பண்றது?

தேதியும் நேரமும் இடமும் அழியாமல் வையுங்கள். 2015 முதல் பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுக்கப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. காப்புக் கட்டி முடித்துவிட்டு, திண்ணையில் பதினைந்து நிமிடம் உட்கார்ந்து, பார்த்ததையும் கேட்டதையும் பறவைப் பதிவுகளைச் சேர்த்து வைக்கும் இ-பேர்டு இணையதளத்தில் ஏற்றினால் நீங்களும் சேர்ந்தாயிற்று. காக்கை மூன்று, மைனா இரண்டு என்றாலும் அது கணக்குதான். பெயர் தெரியாததற்குப் படத்தை இணைத்துவிட்டால் தெரிந்தவர்கள் சொல்வார்கள்.

கணக்கெடுத்துப் பழகிவிட்டால் வீட்டு எல்லையைத் தாண்ட ஆசை வரும். திருப்பூரில் நஞ்சராயன் குளம் இருக்கிறது, உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் 2024இல் சேர்ந்தது. ஆனால் அதற்கு வேறு லென்ஸ் வேண்டும்.

எத்தனை நாள் உக்காந்தா அரசவால் கிடைக்கும்?

எனக்கு நான்காவது குளிர்காலத்தில் கிடைத்தது. மாலை ஐந்தே முக்கால், வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது, அம்மா டீ வைத்துவிட்டுக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அரசவால் வட்டலில் இறங்கிக் குளிக்காது. மேலே கிளையிலிருந்து பாய்ந்து, தண்ணீரில் மார்பை ஒரு தட்டுத் தட்டிவிட்டு அப்படியே மேலே போய்விடும். முதல் பாய்ச்சலில் நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். இரண்டாவதில் வட்டல் மட்டும் வந்தது. மூன்றாவதில் ஐஎஸ்ஓ 6400, ஷட்டர் 1/400, தலை படத்துக்கு வெளியே, அந்த நீள வெள்ளை வால் மட்டும் ரிப்பன் மாதிரி வளைந்து தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. அதைத்தான் பெரிதாக்கிக் கூடத்தில் மாட்டியிருக்கிறோம். வருகிறவர்கள் முதலில் கேட்பது, "குருவி எங்கீங்க?"